ஆளுக்கு ஒரு ஸ்பூன்

எங்கள் ஊரில் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அது வீட்டுப் புனிதரின் நாள். மெழுகுவர்த்தி எரியும், கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம். கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், சாவுக்குச் சொல்லி அனுப்பலாம், ஸ்லாவாவுக்கு மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கூப்பிடாமலே வருவதுதான் விருந்தாளிக்கு மரியாதை. வந்தவர் வயிறு வெடிக்கும் அளவுக்குப் போடுவதுதான் வீட்டுக்காரனுக்கு அழகு.

வயிறு வெடிக்க என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அந்த வார்த்தையைச் சொல்ல இந்த ஊரிலேயே லாயக்கில்லாத ஆள் நான்தான்.

என் பெயர் விதோசாவா, கூப்பிடுவது விதா. செர்பியாவில் சாச்சாக் நகரப் பேருந்துகளில் இருபத்தாறு வருஷமாக டிக்கெட் பரிசோதகர். ஒருவன் முகத்தைப் பார்த்தாலே டிக்கெட் எடுத்தவனா, டிமிக்கி கொடுப்பவனா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. வீட்டில் மேல்மாடி எனக்கு, கீழே என் தம்பி ரதோஷ், அவன் பெண்டாட்டி சான்யா, அவர்கள் ஒரே மகள் நெவேனா.

நெவேனா பிறந்தபோது பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் துணி மாதிரிக் கிடந்தாள். குழாய் வைத்துத்தான் பால் இறக்கினார்கள். மூன்று வயதில் முதல்முறையாகத் தட்டைக் காலி செய்துவிட்டு "இன்னும்" என்றாள். நான் அன்றைக்கே கோயிலுக்கு ஓடி, புனித லூக்காவுக்கு என் முழங்கை நீளத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த "இன்னும்" நிற்கவே நிற்காது என்று யாருக்குத் தெரியும்? தலைநகர் பெல்கிராதிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. பிராடர்-வில்லி என்று பெயர். பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம். மூளையில் "போதும்" என்று சொல்லும் இடம் இந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்யாது. சாப்பிட்டு எழுந்த நிமிஷத்திலேயே பட்டினி கிடந்தவன் பசி பசிக்கும். மருந்து கிடையாது. அளந்து கொடுக்க வேண்டும், மற்றதைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

சான்யா பூட்டினாள். சமையலறைக்குப் பூட்டு, குளிர்ப்பெட்டிக்குப் பூட்டு, குப்பைத் தொட்டிக்குக்கூடப் பூட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்கு ரொட்டியை எண்ணிப் போடுகிறவள் தாயா, ஜெயிலரா? தெருவில் போகிற நாய் பசி என்று வந்தாலே எலும்பு போடுகிற ஊர் இது.

நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் ஸ்லாவா. அக்டோபர் முப்பத்தொன்று, புனித லூக்காவின் நாள். வீடு நிறையக் கூட்டம், நெவேனாவுக்கு ஏழு வயது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அத்தை, பசிக்குது அத்தை. அம்மா குடுக்க மாட்டேங்குது."

எந்த மனசு தாங்கும்? கையைப் பிடித்து மேல்மாடிக்குக் கூட்டிப் போனேன். விருந்துக்கு இடம் போதாமல் பாதிச் சாப்பாட்டை என் வீட்டில்தான் வைத்திருந்தார்கள். "சாப்பிடுடி கண்ணு, வயிறு நிறையச் சாப்பிடு, அம்மாகிட்ட சொல்லாத" என்று சொல்லி, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, பன்றி வறுவல், வால்நட் கேக் எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டு, கீழே இரண்டு கிளாஸ் பிளம் சாராயம் குடிக்கப் போனேன். அரைமணி நேரம் கழித்து வந்தால் தட்டுகள் எல்லாம் காலி. எனக்கோ ஒரே பெருமை.

இந்தக் குழந்தைகளுக்கு வாந்தி வராது. வலியும் நம்மைப் போலத் தெரியாது. சாயங்காலம் அவள் வயிறு உருமி மாதிரி இறுகிவிட்டது, முகம் சாம்பலாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் இரைப்பை கிழிந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆறு நாள் ஆஸ்பத்திரி. சான்யா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கப்புறம் கீழ்வீட்டுச் சமையலறை வாசலை நான் மிதித்ததில்லை.

அடுத்த வருஷம் ஸ்லாவாவுக்கு ரதோஷ் வெளிக்கதவில் ஒரு காகிதம் ஒட்டினான். "இந்த ஆண்டு விருந்தினரை ஏற்பதில்லை." எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான் அப்படி ஒட்டுவார்கள். வேறு எந்தக் காரணத்துக்கும் ஸ்லாவாவைச் சாத்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எதிர்வீட்டுக்காரர் கறுப்புத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிட்டார்!

ரதோஷ் விடியற்காலையில் புனிதரின் ரொட்டியைக் கோயிலுக்கு எடுத்துப் போய் ஆசி வாங்கி, அங்கேயே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவான். வீட்டில் மெழுகுவர்த்தியும், பெயருக்கு ஒரு கிண்ணம் கோதுமையும் இருக்கும். வேகவைத்து, அரைத்து, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்த கோதுமை அது. அது இல்லாமல் ஸ்லாவா இல்லை. வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக் கூடாது, விருந்தாளிகளுக்காக நாள் முழுக்க நிற்க வேண்டும். என் தம்பி கோட்டுப் போட்டுக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றான். ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம் நின்றான்.

நெவேனாவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. காகிதத்தைப் படித்துவிட்டு, "நம்ம வீட்ல யாரு செத்தாங்க?" என்றாள். யாரும் இல்லை என்றோம். ஒரு கேள்வியைப் பிடித்தால் அவள் விட மாட்டாள், அதுவும் அந்த நோயில் ஒரு பகுதி. காலையில் கேட்டாள், பள்ளிக்கூடம் போகும்போது கேட்டாள், தூக்கத்தில் புரண்டு கேட்டாள்.

"யாரு செத்தாங்க அத்தை? நானா?"

நான் மேல்மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன வருஷக் குளிர்காலத்தில் சான்யா ஒரு குழுவில் சேர்ந்தாள். இதே நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர், மாதத்தின் முதல் சனிக்கிழமை உஷிட்செ ஊரில் ஒரு இசைப்பள்ளியின் மாடியில் கூடுவார்கள். நோய் அரிது என்பதால் ஒவ்வொருவரும் எங்கெங்கிருந்தோ வருவார்கள். ரதோஷுக்குச் சனிக்கிழமை வேலை, சான்யாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் ஓட்டிப் போவேன். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம், ஒரு பேச்சு இருக்காது. தாயும் மகளும் மேலே போவார்கள், நான் காரில் காத்திருப்பேன்.

மூன்றாம் மாதம் பனி கொட்டியது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். குட்டையான, தடித்த ஒரு பெண், தலையில் ஆண்பிள்ளைத் தொப்பி. மிலேவா என்று பெயர். பேக்கரியில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் ரொட்டி விற்றுவிட்டு, வீட்டுக்குப் போய் ரொட்டியைப் பூட்டி வைக்கிறவள்.

"மேல வாம்மா. இங்கயே விறைச்சுப் போனா உன் சாவுக்கு வேற நாங்க வரணும்."

போனேன். அங்கே மேஜையைப் பார்த்ததும் திக்கென்றது. துடைத்து வைத்த வெறும் மேஜை! ஒரு காபி இல்லை, பிஸ்கெட் இல்லை, தண்ணீர் ஜாடி மட்டும். செர்பியாவில் பல் பிடுங்கப் போனால்கூட ஏதாவது தின்னக் கொடுப்பார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகள் படத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் துண்டுப் படத்தை நெவேனா அரைநாளில் சேர்த்துவிடுவாள். அந்த அறையிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

"நீ இந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று மிலேவா கேட்டாள்.

"அத்தை. அவளக் கொல்லப் பாத்தவ" என்றேன். எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை. வந்த பிறகு நிற்கவும் இல்லை. மேல்மாடி, கறி, கேக், சாராயம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன்.

மிலேவா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சரி. இங்க யாரெல்லாம் திருட்டுத்தனமாக் குடுத்திருக்கீங்க? கையத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கை ஏறியது. இன்னொன்று. பிறகு அறையில் கீழே இருந்த கை ஒன்றே ஒன்றுதான். மிலேவா தன் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"நான் பெத்தவ. நானே குடுத்தேன், ரெண்டு தடவ. எம்மவன் பாவ்லேவுக்கு அப்ப ஒன்பது வயசு. அழுதான், தாங்கல, குடுத்துட்டேன். ரெண்டாவது தடவ ஆம்புலன்ஸே வர வேண்டியதாப் போச்சு. பசின்னு சொல்ற பிள்ளைக்குக் குடுக்காம இருக்கணும்னா நம்ம எலும்பையே மாத்தி வச்சாத்தான் உண்டு. நீ கெட்டவ இல்ல விதா. ஊர்ல எல்லாரும் எப்படி வளந்தாங்களோ நீயும் அப்படி வளந்துட்ட."

கீழே இருந்த அந்த ஒரு கையும் மெல்ல ஏறியது. சான்யாவின் கை.

"ஒரு தடவ" என்றாள், என்னைப் பார்க்காமல். "காய்ச்சல்ல கிடந்தா. ஒரு ரொட்டி முழுசாக் குடுத்தேன். யாருகிட்டயும் சொல்லல, அண்ணி."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். நான் அங்கேயே மூக்கைச் சிந்தி, பக்கத்திலிருந்த ஆளின் கைக்குட்டையை நாசமாக்கினேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. இந்த அக்டோபர் கூட்டத்தில் சான்யா காகிதத்தைப் பற்றிச் சொன்னாள். யாரு செத்தாங்க, நானா என்று குழந்தை கேட்பதைச் சொன்னாள். இந்த வருஷமும் ஒட்டத்தான் போகிறோம், வேறு வழி தெரியவில்லை என்றாள். யாரும் யோசனை சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மிலேவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை காகிதம் ஒட்டியாயிற்று. மெழுகுவர்த்தி எரிந்தது. ரதோஷ் கோட்டோடு நின்றான். பதினொரு மணிக்கு வெளிமணி அடித்தது.

திறந்தால், மிலேவா. பின்னால் அவள் மகன் பாவ்லே, இருபத்திரண்டு வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம். அவனுக்குப் பின்னால் படி நெடுக ஜனம். குழுவிலிருந்த அத்தனை குடும்பமும், பிள்ளைகளோடு. எண்ணினேன், தொழில் புத்தி போகுமா? பத்தொன்பது பேர்.

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே" என்றாள் மிலேவா.

ரதோஷ் வாய் குழறினான். "வெளிய... காகிதம்..."

"படிச்சோம். யாரும் சாகலையே தம்பி? அதான் வந்தோம்."

"நாங்க ஒண்ணும் சமைக்கல. உங்களுக்குப் போட வீட்ல ஒண்ணுமே..."

"தெரியும். எல்லாரும் வழியிலயே வயித்த நிரப்பிட்டுத்தான் வந்திருக்கோம். பிள்ளைங்களுக்கும் அளந்து குடுத்தாச்சு. ஒருத்தர் பையிலயும் ஒரு துணுக்கு கிடையாது. விதாவ விட்டுச் சோதனை போடச் சொல்லு, அவளுக்குத்தான் அது தொழிலாச்சே!"

ஸ்லாவா வீட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வருவது எங்கள் ஊரில் முகத்தில் அறைகிற மாதிரி. அந்த அவமரியாதையை எங்களுக்காகச் செய்ய இந்த ஜனம் விடியற்காலையில் எழுந்து மலையிறங்கி வந்திருந்தது. ரதோஷ் கதவை அகலத் திறந்தான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தவர்களுக்குக் கோதுமை கொடுக்க வேண்டும். விருந்து இல்லாமல் போகலாம், கோதுமை இல்லாமல் போகக் கூடாது. ஸ்பூன்கள் ஒரு கிளாஸில், எச்சில் ஸ்பூன் போடத் தண்ணீர் கிளாஸ் ஒன்று, நடுவில் கிண்ணம், தட்டை ஏந்தி ஒவ்வொருவரிடமும் போவது வீட்டுப் பெண்ணின் வேலை.

"நான்தான் வீட்டுப் பொண்ணு" என்றாள் நெவேனா. "நான் குடுக்கிறேன்."

சான்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கத்தியேவிட்டேன். "கூடாது! கூடவே கூடாது! அந்தத் தட்டுப் பக்கம் போன..." இப்போது நான்தான் வீட்டில் பெரிய ஜெயிலர்.

மிலேவா என்னைக் கையமர்த்தினாள். நெவேனாவிடம் கேட்டாள். "ஆளுக்கு எத்தன ஸ்பூன் கண்ணு?"

"ஒண்ணு."

"பெரிய ஆளுன்னா?"

"ஒண்ணு."

"பாதிரியார் வந்தா?"

"அவருக்கும் ஒண்ணுதான். எனக்கும் ஒண்ணு. கடைசியில."

"பாத்தியா?" என்று மிலேவா சான்யாவிடம் திரும்பினாள். "இந்தப் பிள்ளைங்கள வதைக்கறது பசி மட்டுமில்ல. 'கிடைக்குமோ'ங்கற அந்த நப்பாசையும் சேத்துத்தான். இதுல அந்த நப்பாசைக்கே இடமில்ல. ஸ்பூன எண்ணி வை. ஸ்பூன் தீந்தா கதை முடிஞ்சுது. நாங்க எல்லாரும் இங்கதான இருக்கோம்."

சான்யா சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு உள்ளே போய் எண்ணி எடுத்து வந்தாள். இருபத்துமூன்று ஸ்பூன். பத்தொன்பது அவர்களுக்கு, நான்கு எங்களுக்கு.

நெவேனா தட்டைத் தூக்கினாள். சர்க்கரையும் வால்நட்டும் கலந்த கிண்ணம் அவள் மூக்குக்கு ஒரு சாண் கீழே. முதல் ஆள் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு ஸ்பூன் எடுத்தார். தின்றுவிட்டு ஸ்பூனைத் தண்ணீரில் போட்டார். அடுத்தவர். அடுத்தவர். ஐந்தாவது ஆளிடம் போகும்போதே அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. தட்டில் ஸ்பூன்கள் கிணுகிணுத்தன. நான் பால்கூடத் தொடக் கூடாத தவக்காலத்தின் மூன்றாம் நாளே பாலாடைக்கட்டியைத் திருடித் தின்கிற ஜென்மம். எனக்கு வரும் பசி ஒரு கொசுக்கடி. அவள் பசி பிறவிப் பசி. அந்தப் பசியைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஒரு பதினொரு வயதுப் பெண் ஊருக்குப் பரிமாறினாள். நான் எந்தக் கோயிலிலும் அப்படி வாய் பிளந்து நின்றதில்லை.

பாவ்லேவின் முறை வந்தது. ஒரு ஸ்பூன் எடுத்தான், தின்றான். ஸ்பூன் கையிலேயே நின்றது. கண் கிண்ணத்திலேயே நின்றது. அவன் அந்த அகலமான கையை நீட்டினால் கிண்ணம் ஒரே வாயில் போய்விடும். மிலேவா அசையவில்லை.

"தண்ணில போடு பாவ்லே" என்றாள் நெவேனா, ரகசியம் மாதிரி. "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

அந்தப் பெரிய உருவம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்பூனைத் தண்ணீரில் போட்டது. மிலேவா வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் பெரியவர்கள் எத்தனை வருஷமாகப் பூட்டைப் பற்றிப் பேசினோம், பூட்டுக்கு அந்தப் பக்கம் இவர்கள் என்ன சுமந்தார்கள் என்று ஒருநாளாவது கண்டோமா!

ரதோஷ் எடுத்தான், சான்யா எடுத்தாள், நான் எடுத்தேன். கடைசி ஸ்பூன் அவளுக்கு. தட்டை மேஜைமேல் வைத்து, சிலுவை போட்டு, வாயில் வைத்து, மென்று விழுங்கி, ஸ்பூனைத் தண்ணீரில் போட்டாள். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது.

சட்டென்று தட்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அத்தை, இத எடுத்துட்டுப் போயிடு. நான் இப்பக் கேப்பேன். அழுவேன். கேட்டா குடுக்காத."

எத்தனையோ பேர் இருக்க, என்னிடம்! நான் சான்யாவைப் பார்த்தேன். அவள் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டாள். நான் தனியாக உள்ளே போய், வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

நெவேனா சொன்னபடியே கேட்டாள். "இன்னும் ஒரு ஸ்பூன் அத்தை. ஒண்ணே ஒண்ணு." இல்லை என்றேன். தரையில் விழுந்தாள். கத்தினாள். சூனியக்காரி என்றாள், நீ செத்துப்போ என்றாள், என் காலைப் பிடித்துக்கொண்டு, பசிக்குது அத்தை, நிஜமாப் பசிக்குது என்றாள். அதே குரல், மேல்மாடிக்கு என்னைக் கூட்டிப்போன அதே குரல். இல்லடி கண்ணு என்றேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் அதையேதான் சொன்னேன்.

வேறு எந்த வீட்டு விருந்தாளியாக இருந்தாலும் ஒன்று மெல்ல நழுவியிருப்பார்கள், இல்லையென்றால் "பாவம், ஒரு வாய் குடுங்களேன்" என்றிருப்பார்கள். இவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மிலேவா முட்டி வலியோடு முனகிக்கொண்டே தரையில் இறங்கி, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொரு தாய், அப்புறம் ஒரு தகப்பன். பத்தொன்பது பேரும், சான்யாவும் தரைக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரன் என் தம்பி மட்டும் நின்றுகொண்டிருந்தான். அழுகை ஓயும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.